முதல் அடிக்குத் தேதி உண்டா?

தமிழ்நாட்டு வீடுகளில் கைக்குழந்தையின் வளர்ச்சியைப் பலகாரத்தால் குறித்துவைக்கும் வழக்கம் இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. பிள்ளை முதல்முறையாகக் குப்புற விழுந்தால் சில வீடுகளில் கொழுக்கட்டை, சில வீடுகளில் அப்பம். தவழத் தொடங்கினால் தவலடை. வாசற்படியைத் தாண்டிவிட்டால் பாயசமோ அதிரசமோ. பட்டியல் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். சில இணைகளைப் பார்த்தால் மோனைக்காகவே சேர்த்தது போலிருக்கும். யாழ்ப்பாணத்தில் முதல் பல் தலைகாட்டியதும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறார்கள். குழந்தையைப் பாயில் உட்காரவைத்து, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகச் செருகிய சின்னக் கொழுக்கட்டைகளைத் தலைவழியே கொட்டுகிறார்கள். எதிரே புத்தகம், பேனா, நகை, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பிவைத்திருக்கும். எதன்மேல் கை போகிறதோ அதைவைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆர்மீனியர்களிடமும் இதே சடங்கு இருக்கிறது. அங்கே கொழுக்கட்டைக்குப் பதில் அவித்த கோதுமை. துருக்கியிலும் முதல் பல்லுக்குக் கோதுமைதான். கொரியாவில் பொருள் எடுக்கும் சடங்கு முதல் பிறந்தநாளன்று நடக்கிறது.

யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். கொரியாவைத் தவிர மற்ற இடங்களில் சடங்கு குழந்தையின் உடம்புக்காகக் காத்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல் ஐந்தாம் மாதம் முளைத்தாலும் பதினோராம் மாதம் முளைத்தாலும், முளைத்த பிறகுதான் மாவு இடிபடும். முளைத்த அன்றே இடிபடவேண்டும் என்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வரட்டும், அத்தை ஊரிலிருந்து வரட்டும் என்று பத்து நாள் தள்ளிப்போவது சகஜம்.

அதே வீட்டின் அலமாரியில் தாய்சேய் நல அட்டை இருக்கும். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று அதில் படம் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அட்டைக்கு மாதம் முக்கியம். அம்மாக்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறார்கள். இப்போது இவற்றோடு உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டது. பக்கத்துத் தெருப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்த காணொளி அங்கே வந்து விழும்போது, பதின்மூன்று மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவளுக்கு வயிற்றைப் பிசைகிறது. குழந்தையின் ‘முதல்’ என்று நாம் கொண்டாடும் ஒவ்வொன்றுக்கும் உண்மையில் ஒரு தேதி இருக்கிறதா, இருந்தால் அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைக் கடந்த சில பத்தாண்டு ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியிருக்கின்றன. அவற்றுக்குள் போகும்முன் தமிழிலேயே இருக்கும் ஒரு மாதக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூல்கள் குழந்தையின் மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம்வரை, ஒற்றைப்படை மாதங்களில் ஒவ்வொரு பருவமாகப் பாடச் சொல்கின்றன. காப்பு மூன்றில், செங்கீரை ஐந்தில், தால் ஏழில், சப்பாணி ஒன்பதில், முத்தம் பதினொன்றில், வருகை பதின்மூன்றில், அம்புலி பதினைந்தில். அதன்பின் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, கழங்கு, ஊசல் என்பதுபோன்ற வேறு மூன்று. ஒட்டக்கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடியதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் முழுப் பிள்ளைத்தமிழ். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வந்தபோது இந்த வரிசை அசைக்க முடியாததாகிவிட்டிருந்தது.

இதன் பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை வைத்துப் பார்க்கலாம். கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில், நன்றாக ஊட்டம் பெற்ற 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, ஆறு அசைவுத் திறன்களுக்கான கால எல்லைகளை அந்த நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2-லிருந்து 13.5-க்குள், தானாக நிற்பது 6.9-லிருந்து 16.9-க்குள், தானாக நடப்பது 8.2-லிருந்து 17.6-க்குள். நடையின் நடுமதிப்பு ஏறத்தாழ 12 மாதம்.

செங்கீரை என்பது குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலைநிமிர்ந்து ஆடும் கோலம். அது ஐந்தாம் மாதம். உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் உட்கார்ந்துவிட்டிருக்கும் வயது அதுதான். ‘வா’ என்று கைநீட்டி அழைக்கும் வருகை பதின்மூன்றாம் மாதம். பாதிக் குழந்தைகள் நடந்துவிட்டிருக்கும் நேரம். பொருத்தம் வியப்பாகத்தான் இருக்கிறது. அதற்காக முன்னோர்கள் அன்றே எல்லாம் கண்டறிந்துவிட்டார்கள் என்று குதிக்க வேண்டியதில்லை. பாட்டியல்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற சீரான கட்டம் வேண்டியிருந்தது; குழந்தைகள் அப்படிச் சீராக வளர்வதில்லை. வீட்டில் நாலைந்து பிள்ளைகளை வளர்த்த எந்தக் கிழவிக்கும் இந்தத் தோராயக் கணக்கு தெரிந்திருக்கும்.

இந்தக் கட்டங்கள் போடப்படுவதற்கு முன்பே பெரியாழ்வார் கண்ணனைப் பாடிவிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் வரிசை வேறு. அம்புலியை அழைக்கும் பதிகம் செங்கீரைக்கும் முன்னால் வந்துவிடுகிறது. தளர்நடைக்கு ஒரு பதிகம், பின்னாலிருந்து ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கு ஒரு பதிகம், நீராட்ட அழைப்பதற்கு ஒன்று, காது குத்துவதற்கு ஒன்று. குழந்தை பின்னால் வந்து முதுகில் சாய்வதை எந்த வளர்ச்சி அட்டையும் இதுவரை ஒரு கட்டமாகச் சேர்த்ததில்லை. பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் நடந்த நாளைவிட அந்த நாளைத்தான் அதிகம் பேர் சொல்வார்கள் என்பது என் ஊகம்.

பிள்ளைத்தமிழில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. விளையாட்டுச் சாமான்கள் வரும்போதுதான் பிரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வும் உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது ஆகியவற்றில் ஆண் பெண் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. ‘பையன்தானே, லேட்டாத்தான் பேசுவான்’ என்று சமாதானம் சொல்வதைப்போல, ‘பொம்பளப்பிள்ள சீக்கிரம் நடந்துடும்’ என்றும் நம் வீடுகளில் சொல்கிறார்கள். நடை விஷயத்திலாவது அதற்கு ஆதாரம் இல்லை. உடம்பு பிரிக்காததை அம்மானையும் தேரும் வந்து பிரிக்கின்றன.

அம்புலிப் பருவத்தைப் பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்களுக்குப் புலி என்பார்கள். நிலாவிடம் சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு வழியிலும் வாதாடி, குழந்தையோடு விளையாட அழைக்க வேண்டும். அதற்குச் சரக்கு அதிகம் வேண்டும். குழந்தை வளர்ச்சியைப் படிப்பவர்களுக்கும் இதுவே மிகச் சிக்கலான பருவம், ஆனால் வேறு காரணத்தால். இடுப்பிலிருக்கும் பிள்ளை நிலாவை நோக்கி விரல் நீட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, அது நிலாவைக் கேட்கவில்லை. ‘நீயும் பார்’ என்கிறது. தனக்குத் தெரிவது இன்னொருவருக்கும் தெரிய வேண்டும் என்ற விருப்பம் அதில் இருக்கிறது. 1992-ல் இங்கிலாந்தில் சைமன் பேரன்-கோஹனும் உடன் பணிபுரிந்தவர்களும் பதினெட்டு மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே அறிய ஒரு வினாப்பட்டியல் செய்தார்கள். அதன் முக்கியமான கேள்விகள்: ஒன்றைக் காட்டுவதற்காக விரல் நீட்டுகிறதா, பெரியவர் பார்க்கும் திசையில் தானும் பார்க்கிறதா, பாவனை விளையாட்டு இருக்கிறதா. பதினைந்தாம் மாதத்து அம்புலியும், மண்வீடும் பொய்ச்சோறுமான பதினேழாம் மாதத்துச் சிற்றிலும் நிற்பது இந்தக் கேள்விகளின் வாசலில்தான்.

இங்கே கைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. மொட்டைமாடியில் சோறூட்டும்போது விரல் நீட்ட நிலா இருந்தது, காக்கை இருந்தது, எதிர்வீட்டு நாய் இருந்தது. திரையைப் பார்த்து வாயைத் திறக்கும் பிள்ளைக்கு விரல் நீட்ட அவசியமே வருவதில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயதுவரையும் ஊக்குவிக்கத்தக்கதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. தனியாகச் சமைத்து, தனியாக ஊட்டி, வேலைக்கும் ஓட வேண்டிய தாயிடம் இந்த அறிவுரையை மட்டும் நீட்டுவது எளிது. பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு இடுப்பு வீட்டில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இனி தேதிக்கு வருவோம். அந்த ஐந்து நாட்டு ஆய்வில் ‘நடந்தது’ என்று குறிக்க வேண்டுமானால் குழந்தை எதையும் யாரையும் பிடிக்காமல் குறைந்தது ஐந்து அடி வைத்திருக்க வேண்டும். உட்காருவதென்றால் கை ஊன்றாமல் பத்து வினாடி. தவழ்வதென்றால் விடாமல் மூன்று அசைவு. ஆய்வுக்கு இப்படி ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும். வீட்டில் இரண்டு அடி வைத்துவிட்டு அப்பாவின் முழங்காலில் விழுந்த பிள்ளைக்கு அன்றைக்கே ஊரெல்லாம் போன் பறக்கும். ஆய்வாளர் கணக்கில் அது இன்னும் நடக்கவில்லை.

கோட்டை எங்கே கிழித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் அசைவை ஆராயும் கேரன் அடால்ஃபும், ஸ்காட் ராபின்சன் உள்ளிட்டோரும் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட அசைவுத் திறன்களைப் பெற்றோர்கள் நாள் தவறாமல் குறித்துவந்த பதிவுகள் அதற்கு அடிப்படை. தினப் பதிவைப் பார்த்தபோது, பெரும்பாலான திறன்கள் ஒருநாள் தோன்றி அப்படியே நிலைத்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமை நின்ற பிள்ளை புதனும் வியாழனும் நிற்காது. சனிக்கிழமை மறுபடி நிற்கும். பிறகு நாலு நாள் காணோம். இந்த ஊசலாட்டம் பலமுறை நடந்த பிறகே திறன் நிலைபெறுகிறது. வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ வந்து பார்ப்பவருக்கு இந்த இடைவெளிகள் தெரியாது. அவருடைய குறிப்பேட்டில் நேற்றுவரை இல்லாதது இன்று திடீரென்று வந்ததாகப் பதிவாகும். எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோமோ அதைப் பொறுத்துத் தொடங்கிய வயதே மாறிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

அப்படியானால் காணொளியில் பிடித்த முதல் அடி பெரும்பாலும் முதல் அடியாக இருக்காது. அதற்கு முன்னால் சமையலறை வாசலில் யாரும் பார்க்காமல் ஒன்றிரண்டு நடந்திருக்கும். கொழுக்கட்டையைப் பத்து நாள் கழித்து அவிக்கும் வீட்டார் இந்த ஆய்வைப் படித்ததில்லை. ஆனாலும், திறன் நிலைத்துவிட்டது என்று தெரிந்தபின் கொண்டாடும் அவர்கள் வழக்கத்தில் அறிவியலுக்கு ஆட்சேபம் இல்லை.

நடையைக் கற்கும் உழைப்பு எவ்வளவு என்பதையும் அடால்ஃபின் ஆய்வகம் எண்ணிப் பார்த்தது. பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தைகள் தன்னிச்சையாக விளையாடும்போது ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடி வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள் என்று 2012-ல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்கிறது. 700 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். நேர்கோட்டில் அல்ல, சோபாவிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து எங்குமில்லாத இடத்துக்கு. தவழ்வதில் கைதேர்ந்த பிள்ளை ஏன் அதை விட்டுவிட்டுத் தள்ளாடும் நடையைத் தேர்ந்தெடுக்கிறது என்ற கேள்விக்கும் அதில் விடை இருந்தது. நடக்கும் பிள்ளை அதிகம் விழுவதுபோல் தெரிந்தாலும், அது கடக்கும் தூரமும் அதிகம். தூரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் கூடுதலாக விழுவதில்லை. ‘விழுந்துடுவான், தூக்கு’ என்று திண்ணையிலிருந்து குரல் கொடுப்பவர்கள் இந்தப் பதினேழைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எவ்வளவு நேரம் தரையில் விடுகிறோம் என்பது ஊருக்கு ஊர் மாறும். தேதியும் அதோடு மாறும். 1970-களில் சார்ல்ஸ் சூப்பர் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே ஆராய்ந்தபோது, அங்கே குழந்தைகள் மேலைநாட்டுக் குழந்தைகளைவிடச் சற்று முன்னதாக உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். தவழ்வதில் அப்படி முந்தவில்லை. காரணம் எளிது. உட்காரவும் நடக்கவும் தாய்மார்கள் மெனக்கெட்டுப் பழக்கினார்கள். பராகுவேயில் காட்டில் அலைந்து வாழ்ந்த ஆச்சே மக்களின் குழந்தைகள் நடந்தது ஏறத்தாழ இரண்டு வயதில். பாம்பும் பூச்சியும் நிறைந்த காட்டுத் தரையில் பிள்ளையை இறக்கிவிட எந்தத் தாயும் துணியவில்லை. அந்தக் குழந்தைகளே பின்னால் பத்து வயதுக்குள் உயரமான மரங்களில் சர்வசாதாரணமாக ஏறினார்கள். தாமதம் என்றால் எதற்குத் தாமதம் என்ற கேள்வி இங்கே எழத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் 1994-ல் குழந்தைகளை மல்லாத்தித் தூங்கவைக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கியது. தூக்கத்திலேயே திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக வந்த அறிவுரை அது. எண்ணிக்கை உண்மையிலேயே பாதிக்கும் கீழே இறங்கியது. கூடவே ஒரு சின்ன மாற்றமும் தெரிந்தது. மல்லாந்து தூங்கிய குழந்தைகள் புரள்வதும் தவழ்வதும் சற்றுத் தள்ளிப்போயிற்று. நடக்கும் வயது மட்டும் மாறவில்லை என்று 1998-ல் வந்த ஆய்வு காட்டியது. நம் வீட்டுத் தூளியில் பிள்ளை எப்போதும் மல்லாந்துதான் கிடக்கிறது. சேலையின் வளைவு புரளவிடாது. விழித்திருக்கும்போது பாயில் விடும் நேரத்தில்தான் குப்புற விழ வாய்ப்பு. குப்புற விழுவதை நாம் ஏன் அவ்வளவு பெரிய செய்தியாக்கினோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், என் ஊகம்தான். தூளி தீது என்று இதற்குப் பொருளில்லை. அதிலேயே பகல் முழுக்கக் கிடக்கக் கூடாது, விழித்ததும் பாய்க்கு வர வேண்டும், அவ்வளவே.

தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஐந்து நாட்டு ஆய்வில் 4.3 விழுக்காடு குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழவே இல்லை. சிலது உட்கார்ந்தபடியே நகரும், சிலது வயிற்றால் இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022-ல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்தே எடுத்துவிட்டது. பேச்சுப் பயிற்சியாளர்களும் இயன்முறை மருத்துவர்களும் அந்தத் திருத்தத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

நடை பழக்கும் சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று சக்கர மர நடைவண்டியில் பிள்ளை தானே எழுந்து, தன் எடையைத் தானே தாங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது. கடைகளில் தொங்கும் வாக்கர் அப்படியல்ல. பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, கால்விரலால் உந்தி ஓடவிடும் சாதனம் அது. சுற்றிலும் தட்டு இருப்பதால் தன் காலையே பிள்ளை பார்க்க முடியாது. இப்படிப்பட்ட வாக்கரில் வளர்ந்த குழந்தைகள் உட்காருவதிலும் தவழ்வதிலும் நடப்பதிலும் பின்தங்கினார்கள் என்று 1999-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. மாடிப்படியில் உருண்டு விழும் ஆபத்து வேறு. கனடா 2004-ல் அதன் விற்பனையையும் இறக்குமதியையும் விளம்பரத்தையும் தடைசெய்தது. நம் ஊரில் முதல் பிறந்தநாள் அன்பளிப்பாக அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கொடுத்தவர் மனம் நோகாமல் பரணில் ஏற்றிவிடுவது உத்தமம்.

யார் பார்க்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சார்ல்ஸ் டார்வின் 1839-ல் பிறந்த தன் மூத்த மகன் வில்லியத்தைக் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து கவனித்து எழுதிவைத்தார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து 1877-ல், பிரெஞ்சு எழுத்தாளர் இப்போலித் தேன் தன் மகள் பேசக் கற்றதைப் பற்றி எழுதியதைப் பார்த்த பிறகுதான் அதை அச்சுக்குக் கொடுத்தார். 1882-ல் ஜெர்மனியில் வில்லியம் பிரையர் தன் மகனைப் பற்றிய நூலை வெளியிட்டார். குழந்தை உளவியலின் தொடக்கமே இப்படித் தந்தையரின் நாட்குறிப்புகள்தான். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருந்த தாய்களும் தாதிகளும் பார்த்தவை பெரும்பாலும் அச்சேறவில்லை. கலிபோர்னியாவில் மிலிசென்ட் ஷின் தன் சகோதரர் மகளைக் கவனித்து எழுதிய நூல் 1900-ல் வந்தபோதுதான் ஒரு பெண்ணின் பார்வை கவனம் பெற்றது. நம்மிடம் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பெரும்பாலும் ஆண்களே என்றாலும், தாயின் குரலையோ செவிலியின் குரலையோ இரவல் வாங்காமல் அவர்களால் பாட முடியவில்லை.

இன்று பார்க்கும் கண்கள் பல வீடுகளில் அங்கன்வாடிப் பணியாளருடையவை. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் எடை பார்ப்பதும் சத்துமாவு கொடுப்பதும் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை செய்வதைக் கவனித்துக் குறிப்பதும் அந்தப் பணியாளரின் வேலைகளில் ஒன்று என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் கையில் வேறு பதிவேடுகளும் நிறைய. ‘பாப்பா நடக்குதாம்மா?’ என்று கேட்டால் ‘நடக்குது’ என்று தாய் சொல்லிவிடுவாள். இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. பிள்ளையைக் கீழே இறக்கிவிடச் சொல்லிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில்தான் இந்தத் திட்டத்தின் வெற்றி தோல்வி இருக்கிறது.

அதற்கேற்ற எளிய கருவியை நம் பக்கத்து மாநிலத்திலேயே செய்தார்கள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் மற்றவர்களும் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட அட்டவணையில், இரண்டு வயதுவரைக்கும் பதினேழு திறன்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. பட்டையின் இடது முனை மிகச் சீக்கிரம் செய்யும் பிள்ளைகளின் வயது, வலது முனை மிகத் தாமதமாகச் செய்யும் பிள்ளைகளின் வயது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமே முழுப் பட்டையும் முடிந்துவிட்ட ஒரு திறனைப் பிள்ளை செய்யவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்தப் பதினேழில் கைகொட்டி விளையாடுவதும் ஒன்று. சப்பாணிக்கு அட்டவணையில் இடம் கிடைத்துவிட்டது.

இந்த அட்டவணை பட்டையாக இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டைக்குள் எங்கே நின்றாலும் ஒன்றுதான். ஒன்பதாம் மாதம் நடந்த பிள்ளை பதினைந்தாம் மாதம் நடந்த பிள்ளையைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை என்று அதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. மதிப்பெண் பட்டியலைப் படித்தே வளர்ந்த நாம் எதைப் பார்த்தாலும் முதலிடம் தேடுகிறோம். கைபேசியில் மாதவாரியாகத் திறன்களைக் காட்டும் செயலிகளும் அந்தப் பசிக்கே தீனி போடுகின்றன. அமெரிக்க மையம் 2022-ல் செய்த திருத்தத்தின் நோக்கமும் இதையொட்டியதே. முன்பு பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த மீதிப் பாதிப் பெற்றோர்கள் காரணமில்லாமல் பதறினார்கள். மருத்துவர்களோ ‘பார்க்கலாம், பொறுங்கள்’ என்று சொல்லிப் பழகி, உண்மையில் கவனிக்க வேண்டிய பிள்ளையையும் பொறுக்கச் சொன்னார்கள். இப்போது முக்கால்வாசிக் குழந்தைகள் செய்யும் வயதைப் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பேச்சை நிறுத்திவிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு’ என்ற சமாதானம் நம் வீடுகளில் மிகப் பிரபலம். பட்டைக்குள் இருக்கும்வரை அது உண்மையாகக்கூட இருக்கலாம். பட்டை முடிந்தபின் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வர வேண்டும். அவர்கள் அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்க மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை ஆறுதல் வார்த்தைகளில் கழித்துவிடக் கூடாது. மூளைமுடக்குவாதம் உள்ள பிள்ளை மூன்று வயதில் முதல்முறை பிடிமானமின்றி உட்காரலாம். அட்டையில் அதற்குக் கட்டம் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். வீட்டார் அன்றைக்கு இனிப்பு செய்தால் அதைத் தடுக்க எந்த அட்டையும் இல்லை.

தேதியைக் கணக்கிடும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளை பதினான்காம் மாதத்தில் நடக்கவில்லை என்றால் அதன் கணக்குப்படி அது பன்னிரண்டு மாதப் பிள்ளை. இரண்டு வயதுவரை இப்படிக் கழித்தே பார்ப்பது மருத்துவ வழக்கம். சீமந்தத்துக்கு வந்த அதே உறவினர்கள் இந்தக் கழித்தலை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று முன்னால் சொன்ன ஊசலாட்டம் பற்றியது. புதிதாக வரும் திறன் சில நாள் வந்து சில நாள் மறைவது இயல்பு. காய்ச்சல் வந்தாலோ தம்பி தங்கை பிறந்தாலோ கொஞ்சம் பின்வாங்குவதும் உண்டு, நாளடைவில் மீண்டுவிடும். ஆனால் நன்றாக நிலைபெற்றுவிட்ட ஒன்று, உதாரணமாக நாலைந்து சொற்கள் பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் பேச்சு, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த பழக்கம், விரல் நீட்டிக் காட்டியது, வாரக்கணக்கில் காணாமல் போனால் அது எந்த வயதிலும் எந்தப் பட்டைக்குள்ளும் அடங்காது. அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காமல் அப்போதே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்தத் திறன், ஏறக்குறைய எப்போதுவரை இருந்தது என்று அவர் கேட்பார். தினசரிக் காலண்டர் தாளின் மூலையில் யாராவது கிறுக்கிவைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போகலாம்.